உலகம் முடிந்த கதையின் ஏழாவது சீட்டு

மைதாப் பசையில் துளி மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சினால் பூச்சி அரிக்காது என்று சொன்னவள் நீ. சொன்னது சரிதான். எட்டு வருஷத்துக்குப் பிறகும் அட்டையில் ஓர் ஓட்டை இல்லை. நோட்டைப் பிரித்தால் அந்தப் புளித்த வாசனை மட்டும் குப்பென்று வருகிறது. நாளைக்கு இதை லைப்ரரி சாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதமாக என்னிடம்தான் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வருகிற கார்த்திகையோடு நீ போய் ஒரு வருஷம். உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்ல எனக்கு என்ன துணிச்சல் என்று நீ கேட்கலாம். இனி நீ குறுக்கே பேசமாட்டாய் என்கிற துணிச்சல்தான்.

நோட்டு எதுவென்று உனக்குத் தெரியும். நம் கையெழுத்துப் பத்திரிகையின் சிறப்பு மலர். ஸ்கைலாப் விழுந்த வருஷம் போட்டது. மாதம் ஒரு நோட்டு, ஒரே ஒரு பிரதி. முதலில் லைப்ரரி சார் வீடு, அப்புறம் நம் ஆபீஸ் சூப்பர்வைசர் அண்ணாச்சி வீடு, பிறகு தறி ஓட்டும் இரண்டு பேர், டீச்சர்கள் என்று வீடு வீடாகப் போகும். கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் அதில் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் கதை எழுதினாலும் நோட்டில் எழுதுவது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. கையெழுத்தைப் பாராட்டினார்களே தவிரக் கதையைப் பாராட்டியவர்கள் குறைவு. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

உன்னை அந்தக் கூட்டத்துக்குள் இழுத்துவந்தது நான் என்பதை மறந்துவிடாதே. டெலிபோன் எக்சேஞ்சில் நீ வந்து சேர்ந்தபோது நான் இரண்டு வருஷ சீனியர். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். தலையில் பிச்சிப்பூ, கையில் டிபன் டப்பா. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் வேண்டியவளாகிவிட்டாய். போன் பண்ணுகிறவர்கள் நான் எடுத்தால், "அந்த இன்னொரு அம்மா இல்லியா?" என்று கேட்பார்கள். கட்டணத்துக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்தது என்று நான் சொன்னால் திட்டுவார்கள், அதையே நீ சொன்னால் நன்றி சொல்வார்கள். எனக்கு அப்போதே பொறாமை வந்தது. குரல்தானே, போகட்டும், எழுத்து என்னுடையது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. "மதுரை, எனக்கு மெட்ராஸ் குடுங்க" என்றால் மதுரை எக்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயர் அந்த நேரத்தில் மதுரை. நம் இருவர் பெயரும் சங்கரன்கோவில். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் கோவில்பட்டிக்கு ஜலதோஷம் என்றால் நமக்குத் தெரியும். திருநெல்வேலிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இங்கே நாம் சீனி வாங்கித் தின்றோம். இதையெல்லாம் தினமும் காதால் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் நானும். இதில் ஒரு கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. எட்டு வருஷமாக நான் இதைத்தான் நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆனி மாதத்தை யார் மறக்க முடியும்? வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்கைலாப் என்கிற அமெரிக்க ஆய்வுக்கூடம் உடைந்து பூமியில் விழப்போகிறது, எங்கே என்று சொல்ல முடியாது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊர் ரெண்டுபட்டது. மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று வளர்த்த கிடாயை அறுத்து ஊருக்கே கறி போட்டார். மறுவாரம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நம் போர்டில் மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. எந்த எண்ணிலிருந்து கைப்பிடியைச் சுற்றினாலும் அந்த எண்ணின் சின்ன மூடி தட்டென்று விழுமே, அன்று ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்தது. ஒருவர் என்னிடம் கேட்டார்.

"எம்மா, அது எந்த ஊர்ல விழுதோ அந்த ஊருக்கு ஒரு லைன் குடு. விழுந்துட்டான்னு கேக்கணும்."

"அண்ணாச்சி, விழுந்த ஊர்ல போனை யாரு எடுப்பா?" என்று எரிந்து விழுந்தேன்.

நீ சிரித்தாய். கொஞ்ச நேரத்தில் உனக்குக் குருவிகுளம் தபாலாபீசிலிருந்து ஒரு கால் வந்தது. வயதான அம்மா. அவள் பேசியது எனக்கே கேட்டது, அத்தனை சத்தம்.

"ஏ தாயி, எம் மவன் பம்பாயில மில்லுல கெடக்கான். அது அங்கன விழுமா, இங்கன விழுமா?"

"அங்கனயும் விழாதும்மா, இங்கனயும் விழாது. நான் பம்பாய் கேக்கேன். நீங்க லைன்லயே இருங்க."

பம்பாய் கிடைக்கவில்லை. மதுரையைத் தாண்டி அன்று எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் அந்த அம்மா லைனில் இருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீ பிளக்கைப் போட்டு, "இருக்கீங்களாம்மா? லைன் பிஸியா இருக்கு. இருங்க" என்றாய். உனக்கு வேலை தெரியவில்லை, அந்த டிரங்க் காலை ரத்து பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். அதைச் சொல்லவும் சொன்னேன்.

ஸ்கைலாப் ஆஸ்திரேலியா பக்கம் போய் விழுந்தது. உலகம் முடியவில்லை. லைப்ரரி சார்தான் இந்தச் சூட்டோடு ஒரு சிறப்பு மலர் போடலாம், எல்லோரும் உலகம் முடிகிற கதை ஆளுக்கொன்று எழுதுங்கள் என்றார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் நோட்டு சுற்றுக்குப் போக வேண்டும். எனக்குக் கை பரபரத்தது. பள்ளிக்கூட அட்லஸை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு லண்டனை எரித்தேன். மெட்ராஸைக்கூடப் பார்க்காதவள் நான். தேம்ஸ் நதி கொதித்தது. மணிக்கூண்டு உருகி வழிந்தது. நடுராத்திரியில் வானம் பிளந்தது. விஞ்ஞானிகள் ஓடினார்கள், ராணுவம் ஓடியது, மந்திரிகள் பாதாள அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். இருபத்திரண்டு பக்கம். உன்னிடம் படிக்கக் கொடுத்தேன். டிபன் சாப்பிட்டுக்கொண்டே படித்தாய்.

"நல்லா எரியுதுட்டி. ஆனா இத்தனை பேர் ஓடுதாங்களே, ஒருத்திக்கும் பசிக்கலியே?"

"உலகமே அழியுது, அப்போ பசிக்குமா உனக்கு?"

"எனக்குப் பசிக்கும்" என்றாய். அப்புறம் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாய். "உலகத்தை அழிக்கது லேசுட்டி. அது அழிஞ்சது தெரியாம மறுநாள் டூட்டிக்கு வருவாள்லா ஒருத்தி, அவளைத்தான் எழுத வரமாட்டேங்கு."

அதற்குள் நீ அவளை எழுத முயற்சி பண்ணிப் பார்த்திருக்கிறாய் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து உன் கதையைக் கொடுத்தாய். வெளியூர் டிரங்க் கால் பதிவு பண்ணும் சீட்டுகளில் எழுதியிருந்தாய். தப்பாக எழுதிக் கழித்துப் போட்ட சீட்டுகள், பின்பக்கம் வெள்ளை. பொடி எழுத்தில் ஏழு சீட்டு, மேலே எண் போட்டு நூலால் கட்டியிருந்தது. "சும்மா எழுதினேன். நல்லால்லேன்னா சேர்க்காண்டாம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நோட்டை விரித்து, பேனாவில் மை நிரப்பி, உன் கதையைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். தலைப்பு, 'மதுரை பேசவில்லை'.

நடுராத்திரி இல்லை, நெருப்பு இல்லை. மத்தியானம் இரண்டு மணி. சங்கரன்கோவில் எக்சேஞ்சில் ஓர் ஆபரேட்டர். மெட்ராஸ் கேட்கிறாள், மெட்ராஸ் பதில் இல்லை. லைன் கோளாறு என்று நினைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மதுரை பேசவில்லை. ஜலதோஷக்காரி கோவில்பட்டி, "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்ப வரவில்லை. திருநெல்வேலி மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் லைன் மட்டும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூடிகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. மகனுக்கு, மருமகனுக்கு, பருத்தி விலை கேட்க என்று கால் மேல் கால். உலகம் முடிந்துவிட்டது என்று தெரிந்த ஒரே ஆள் அவள். யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரிடமும், "லைன் பிஸி" என்று பொய் சொல்கிறாள். ஆறாவது சீட்டில் குருவிகுளத்து அம்மா வருகிறாள். பம்பாயில் இருக்கிற மகனுக்குப் பேச வேண்டும் என்கிறாள். ஆபரேட்டர் வெறும் ஓசையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "லைன் பிஸியா இருக்கும்மா. நீங்க லைன்லயே இருங்க" என்கிறாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நன்றாக இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் முதலில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நானும் அதே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அந்த அம்மாவின் குரலை நானும் கேட்டேன், எனக்கு ஏன் லண்டன் தோன்றியது என்றுதான் வந்தது. என் இருபத்திரண்டு பக்கமும் உன் ஆறு சீட்டுக்கு முன்னால் தீபாவளி மத்தாப்பு மாதிரி ஆகிவிட்டது.

அந்த நிலையில்தான் ஏழாவது சீட்டைப் படித்தேன். ஆபரேட்டர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறாள். அங்கே இன்னொரு பெண் தலையைக் கவிழ்த்து ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். "லண்டன் எரிஞ்சு முடிஞ்சுட்டா?" என்று இவள் கேட்கிறாள். "இன்னும் ரெண்டு தெரு இருக்கு" என்கிறாள் அவள், தலையைத் தூக்காமல். "முடிச்சிட்டு வா, சாப்பிடலாம். நான் இருக்கேன்" என்று இவள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

என்னைக் கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். பக்கத்தில் உலகம் முடிந்துகொண்டிருப்பது தெரியாமல் காகிதத்தில் லண்டனைக் கொளுத்திக்கொண்டிருக்கும் பைத்தியக்காரி நான். இதை என் கையாலேயே நோட்டில் எழுதி, எட்டு வீட்டுக்கு அனுப்பி, எல்லோரும் படித்துச் சிரிக்க வேண்டுமாக்கும். ஏழாவது சீட்டை மடித்து என் பெட்டிக்குள் போட்டேன். ஆறாவது சீட்டோடு கதையை நிறுத்தி, கீழே உன் பெயரை எழுதி, ஒரு கோடு போட்டேன். முடிவில்லாத கதை என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள் என்பது என் கணக்கு.

மறுநாள் உன்னிடம் ஆறு சீட்டைத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏட்டி, ஏழாவது எங்க?"

"ஆறுதான் இருந்துச்சு. நூல் அவுந்து கிடந்துச்சே. பஸ்ல விழுந்துட்டோ என்னமோ."

உன் முகம் ஒரு நிமிஷம் வாடியது. அப்புறம், "சரி, போகுது" என்றாய். திரும்ப எழுதித் தருகிறேன் என்று சொல்வாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீ சொல்லவில்லை. நோட்டு அதற்குள் லைப்ரரி சார் வீட்டுக்குப் போயிருந்தது.

கடைசி நான்கு பக்கத்தை இப்போது திறந்து வைத்திருக்கிறேன். எல்லாம் உன்னைப் பற்றித்தான். "கடைசி வரியில் என் மூச்சு நின்றுவிட்டது" என்று ஒரு டீச்சர். "அந்த இடத்தில் நிறுத்தியதுதான் எழுத்தாளரின் திறமை" என்று லைப்ரரி சார், சிவப்பு மையில். தறிக்காரர் ஒருவர், "லைன்லயே இருங்க என்று படித்துவிட்டு அரை மணி நேரம் தறியை நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். என் கதைக்குக் கீழே சூப்பர்வைசர் அண்ணாச்சி மட்டும் பரிதாபப்பட்டு, "கையெழுத்து வழக்கம்போல் அருமை" என்று எழுதியிருக்கிறார். உன்னைக் கவிழ்க்க நான் போட்ட கோடு உன்னைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைத்தது. இதைவிட ஒரு பொறாமைக்காரிக்கு என்ன தண்டனை வேண்டும்?

நீ அதையும் விட்டுவைக்கவில்லை. லைப்ரரியில் எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "கடைசிச் சீட்டு தொலைஞ்சதே நல்லதாப் போச்சு. அதுல நான் என்னமோ சிறுபிள்ளைத்தனமா எழுதியிருந்தேன்" என்றாய். நான் சிரித்தேன். அன்று எப்படிச் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீ மூன்று கதை எழுதினாய். மூன்றும் ஏதோ ஒரு முடிவைப் பற்றியதுதான். மழையே பெய்யாத உலகத்தில் ஒரு கிணற்றுக் காவல்காரன். எல்லோருக்கும் ஒரே எண் கொடுத்துப் பெயரை எடுத்துவிடும் ஒரு ராஜ்ஜியத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு பெண். இன்னொன்று, ஊரே காலியான பிறகும் பள்ளிக்கூட மணியை அடிக்கிற பியூன். மூன்றையும் நான்தான் நோட்டில் எழுதினேன், மூன்றுக்கும் பொருமினேன். மூன்றும் ஒரே மாதிரி ஓர் ஆள் தனியாக நிற்கும் இடத்தில் வெட்டுப்பட்டு நின்றன. பியூன் கதையைக் கொடுத்தபோது நான் கேட்டேன்.

"ஏன் எல்லாத்தையும் அந்தரத்துல விட்டுருத?"

"கடைசியில ஒரு சீட்டு எழுதத்தான் செய்யுதேன்ட்டி. பொறவு கிழிச்சிருதேன். அதுதான் நமக்கு ராசி."

அந்தக் கிணற்றுக் காவல்காரனுக்குப் பக்கத்தில் கடைசியில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? ரேஷன் வரிசையில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது யார்? நீ எழுதிப் பார்த்திருப்பாய். குப்பைக்கூடையில் போட்டிருப்பாய். நான் ஒரு சீட்டைத்தான் ஒளித்தேன். மற்ற மூன்றையும் நீயே கிழிக்கும்படி செய்துவிட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தடவை கிளம்பி வந்தேன், நம்பு. உனக்கு மஞ்சள் காமாலை முற்றிப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சீட்டை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீ கட்டிலில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "டூட்டி மாத்திட்டு வந்தியா? உக்காரு. சாப்ட்டியா?" என்றாய்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும். இங்க ஒரு கதை எழுதுதேன். இதுக்குக் கடைசிச் சீட்டு வைக்கலாமா வேண்டாமான்னு ரோசனையா இருக்கு. நீதான் சொல்லணும். உனக்குத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வைக்காதே" என்றேன். அந்த நிமிஷத்தில்கூட அதுதான் வந்தது. வைத்தால் பழைய ஏழாவது சீட்டின் பேச்சும் எழுந்து என் பொய் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேனோ, இல்லை, நீ இன்னும் நன்றாக எழுதிவிடுவாய் என்று பயந்தேனோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ தலையை ஆட்டினாய். பத்து நாளில் போய்விட்டாய். அந்தக் கதை யாரிடம் இருக்கிறது என்று உன் வீட்டில் கேட்டேன். காகிதம் எதுவும் இல்லை என்றார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து ஒரு பதிப்பாளர் எனக்கு எழுதினார். இப்போது எந்த வாரப் பத்திரிகையைத் திறந்தாலும் உலகம் முடிந்துகொண்டிருக்கிறது, உனக்குத் தெரியாது. அணுகுண்டு, விஷக்காற்று, மனிதனை ஆளும் இயந்திரம், பேசினால் நாக்கை அறுக்கும் அரசாங்கம். நானும் விடாமல் படிக்கிறேன். எல்லாவற்றிலும் ஊர் அழிகிறது, கதாநாயகன் மட்டும் தப்பித்து மலை மேல் நின்று பெருமூச்சு விடுகிறான். எழுதுகிற ஒவ்வொருவனும் தன்னைத்தான் அந்த மலை மேல் நிறுத்தி வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் அப்படித்தானே எழுதினேன். அந்தப் பதிப்பாளர் இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தொகுத்துக்கொண்டிருக்கிறார். லைப்ரரி சார் வீட்டில் நம் நோட்டைப் பார்த்திருக்கிறார். 'மதுரை பேசவில்லை' கதையை நல்ல பிரதியாக எழுதி அனுப்ப முடியுமா, எழுதியவரைப் பற்றி நான்கு வரி தர முடியுமா என்று கேட்டிருந்தார். கடிதத்தின் அடியில், "உங்கள் லண்டன் கதையும் படித்தேன், சுவாரசியமாக இருந்தது" என்று ஒரு வரி. நீ செத்த பிறகும் எனக்குச் சுவாரசியம்தான், உனக்குத்தான் புத்தகம்.

நோட்டை வாங்கிவந்தேன். பெட்டியிலிருந்து ஏழாவது சீட்டையும் எடுத்தேன். ஆறாவதோடு நிறுத்தி அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்த முடிவுக்குக் கிடைக்கிற பாராட்டெல்லாம் உண்மையில் எனக்குத்தான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்ளலாம். எட்டு வருஷமாக அப்படித்தான் நினைத்து வாழ்ந்திருக்கிறேன். பாதிக் கதை என்னுடையது, முடிவு வைத்தவள் நான். இதை வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நல்ல பிரதி எழுதும்போது கை மெதுவாகத்தான் ஓடும். ஏழாவது சீட்டை அன்று கோபத்தில் படித்த எனக்கு, இப்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஆபரேட்டர் எல்லோரிடமும் பொய் சொல்கிறாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அவள் கதையை முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். பசியோடு, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. கேலிதான், மறுக்கவில்லை. நீ யாரையாவது கேலி செய்யாமல் பிரியமாக இருந்திருக்கிறாயா? அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். எழுதிய பிரதியில் மை கலைந்து, திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

ஏழு சீட்டையும் எழுதி அனுப்பினேன். உன் பெயர் மட்டும்.

பத்து நாளில் பதில் வந்தது. கதை மிகச் சிறப்பு, தொகுப்பிலேயே இதுதான் முதலில் வரும் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு யோசனை. நோட்டில் இருந்ததுபோல, "லைன்லயே இருங்க" என்ற இடத்தில் நிறுத்திவிடலாமே, கடைசிப் பகுதி கொஞ்சம் விளையாட்டாக, கதையின் கனத்தைக் குறைப்பதுபோல இருக்கிறது என்றார்.

எக்சேஞ்சில் நட்ட நடு மத்தியானம் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் அண்ணாச்சி, "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார். நல்ல சேதிதான். மெட்ராஸ்காரரே சொல்லிவிட்டார். நான் போட்ட கோடு சரி, நீ வைத்த முடிவு தப்பு. ஒரு மணி நேரம் நான் தரையில் கால் பாவாமல் இருந்தேன். உன்னை ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. இதையும் நான் உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

சாயந்திரம் அவருக்குப் பதில் எழுதினேன். ஏழு சீட்டும் சேர்ந்ததுதான் கதை. ஏழாவது இல்லையென்றால் கதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டால் உன் பெயர் அச்சில் வரவே வராது. என்னால் இரண்டாவது தடவையும் நீ தோற்றுப்போவாய். மூன்று வாரம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். முந்தாநாள் ஒரு கார்டு வந்தது. "உங்கள் விருப்பப்படியே ஏழு பகுதியும் வரும். எனக்குச் சம்மதமில்லை என்றாலும்" என்று இரண்டு வரி.

உனக்காகச் சண்டை போட்டேன் என்று நினைத்து இளகிப்போய்விடாதே. அந்த மூன்று கதைகளின் கடைசிச் சீட்டுகளை என்னால் கொண்டுவர முடியாது. ஆஸ்பத்திரியில் நீ எழுதியதையும் முடியாது. பொறாமையும் போகவில்லை. புத்தகம் வந்து உன் பெயரை அச்சில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதைச் சுமந்துகொண்டுதான் டூட்டிக்குப் போவேன். அந்தச் சீட்டை வெட்டக் கூடாது என்று நான் நின்றது எனக்காகத்தான். உலகம் முடிகிற மத்தியானத்தில் உன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று யோசித்தபோது, உனக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. நான் இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். விஞ்ஞானிகளுக்கு இடம் இருந்தது, மந்திரிகளுக்கு இருந்தது, முகம் தெரியாத லண்டன்காரர்கள் அத்தனை பேருக்கும் இருந்தது. அதில் உன்னை எங்கேயாவது உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.